கிணறு தூரம்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் குயிலம்மை என்ற துறவி இருந்தார். சேந்தனும் இளநாகனும் அவரிடம் பாடம் கேட்டு வந்தார்கள். இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள்.

ஒரு கோடையில் இளநாகனுக்குக் கடும் காய்ச்சல். காலையில் தன் குடிசைப் பக்கம் வந்த சேந்தனைப் பார்த்து, "கிணறு ரொம்பத் தூரம், இல்லையா?" என்றான்.

"ஆமாம். எண்ணூற்றுப் பன்னிரண்டு அடி" என்று சொல்லிவிட்டுச் சேந்தன் தன் வேலைக்குப் போனான்.

பிற்பகலில் குயிலம்மை வந்து பார்த்தபோது இளநாகன் நினைவில்லாமல் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. அவர் மடியில் கிடத்தி, சொட்டுச் சொட்டாக நீர் புகட்டினார். பிழைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும், "சேந்தனை அனுப்பிவிடுங்கள், அம்மா" என்றான். "கொஞ்சமும் இரக்கம் இல்லாதவன்."

குயிலம்மை சேந்தனை அழைத்தார்.

"அன்று இவன் தாகத்தில் தவித்தான். தெரியுமா?"

சேந்தனின் முகம் வெளிறியது.

"தாகமா? கிணற்றைப் பற்றித்தானே கேட்டான்? தெரிந்திருந்தால் ஓடியிருப்பேனே."

"வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியுமா?" என்றான் இளநாகன்.

சேந்தன் தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"'சாப்பிட்டாயா' என்று கேட்பவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. அப்படி ஒவ்வொன்றாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். கிணறு அதில் இல்லை. நான் போய்விடுகிறேன், அம்மா."

"போக வேண்டாம். நீ இங்கேயே இரு. இப்போது ஒரு குடம் தண்ணீர் எடுத்து வா."

சேந்தன் குடத்தோடு வெளியேறினான். குயிலம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"காற்று பலமாக வீசுகிறது" என்றார்.

இளநாகன் தள்ளாடி எழுந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போய்க் கதவைச் சாத்தினான். திரும்பி வருவதற்குள் மூச்சு வாங்கியது.

"ஏன் சாத்தினாய்? காலையிலிருந்து புழுக்கம் தாங்கவில்லை. இப்போதுதான் காற்று வந்தது, சுகமாக இருந்தது."

"உங்கள் மேல் தூசி அடிக்குமே என்று நினைத்தேன், அம்மா."

"என் மேல் இரக்கம் இல்லாமலா சாத்தினாய்?"

இளநாகன் மறுபடி சுவரைப் பிடித்து நடந்து, சேந்தன் வருவதற்குள் கதவைத் திறந்து வைத்தான்.