வளையல் இல்லை

ஸ்பீக்கர் வாங்குவதற்குக்கூட ஒரு குருவா என்று சிரிப்பவர்கள், நாகர்கோவிலில் கோதைநாயகியின் மாடிப்படியை ஒருமுறையும் ஏறாதவர்கள்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு ஆண்டுகள் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். எதையும் விற்பதில்லை, யாருக்கும் சிபாரிசு செய்வதுமில்லை. எளிய விலையில் ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கரை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சொல்லிக்கொடுத்தாள்.

அவளிடம் கற்க வந்தவர்களில் மூத்தவர் அனந்தபத்மநாபன். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. தம்மைவிட இருபத்தோரு வயது இளையவளை அவர் 'டீச்சர்' என்றே அழைத்தார். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

முதல் நாள் அவள் கேட்டாள்: "எதைக் கேட்கிறதுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்க, சார்?"

"ஒரு கேசட்டு டீச்சர். எங்க கல்யாணக் கேசட்டு."

"நாதஸ்வரமா?"

"நாதஸ்வரம் இருக்கு. ஆனா அதுக்கில்ல."

அவர் பையிலிருந்து கேசட்டை எடுத்தார். 

"மாமனார் அவ கையைப் பிடிச்சு என் கையில குடுக்கிற நேரம், மேளக்காரங்க கொஞ்சம் நிறுத்தினாங்க. அந்த இடைவெளியில அவ கண்ணாடி வளையல் கிலுங்கும். என் கூட்டுக்காரன் தோமஸ் மணவறைக்கு அடியில ரெக்கார்டரை வச்சிருந்தான். அதுல விழுந்திருக்கு."

"பிறகு கேட்டிருக்கீங்களா?"

"பதினோரு வருஷம். கல்யாண நாள் வந்தா தோமஸ் வீட்டுக்குப் போவோம். ஆளுயரத்துல பாதிக்கு ரெண்டு மரப்பெட்டி வச்சிருந்தான். மீன்குழம்பு கொதிக்கிற மணம், மழைக்காத்து, நடுவில அந்தக் கிலுகிலு. பக்கத்துல ஆரோ கையை அசைச்ச மாதிரி இருக்கும். அப்புறம் அவன் தோஹாவுக்குப் போயிட்டான். பெட்டியும் போச்சு. இப்ப கையில முப்பதாயிரம் வச்சிருக்கேன். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டாப் போதும்."

கோதைநாயகி கேசட்டை வாங்கி, அதிலிருந்ததை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். கூடவே ஒரு நோட்டும் கொடுத்தாள்.

"மூணு கடைக்குப் போங்க. அவங்க போடுற பாட்டைக் கேட்காதீங்க. உங்களுடையதைப் போடச் சொல்லுங்க. எல்லாப் பெட்டியையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்க. கொஞ்சம் உரக்கக் கேட்கிற பெட்டிதான் நல்ல பெட்டின்னு தோணும்; அதில் ஏமாந்துடாதீங்க. கேட்டதை எழுதுங்க. கேட்காததையும் எழுதுங்க."

முதற்கடை வடசேரியில் இருந்தது. கேட்பதற்கென்றே கனத்த திரையிட்ட அறை; நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அனந்தபத்மநாபன் அதில் அமர்ந்தார். அவருடைய மனைவி தங்கம்மை, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சார், பேஸ் எப்படி? நெஞ்சில இடிக்குதா?" என்றார் கடைக்காரர்.

"நெஞ்சுக்கு ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன் தம்பி. வளையல் எங்க?"

கடைக்காரர் தங்கம்மையின் கைகளைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான்கு ஜோடிகள் மாற்றி மாற்றி ஒலித்தன. நோட்டில் அவர் எழுதினார்: "நாதஸ்வரம் நன்று. தவில் நன்று. வளையல் இல்லை."

இரண்டாவது கடை திருநெல்வேலியில். அங்கும் ஒரே நாற்காலி. தங்கம்மைக்குப் பெட்டிகள் வந்த அட்டையின் மேல் இடம் கிடைத்தது. "வளையல் இல்லை" என்று ஐந்து முறை எழுதினார்.

மூன்றாவது கடைக்குத் திருவனந்தபுரம் வரை போனார்கள். அங்கும் மூன்று ஜோடிகளில் வளையல் இல்லை. நான்காவதன் விலை இருமடங்கு. கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிளை முழுதும் ஏற்றச் சொன்னார். இன்னும், இன்னும் என்றார். இரும்புத் தட்டில் கரண்டி இழுபட்டதுபோல் நாதஸ்வரம் கீச்சிட்டது. தங்கம்மை முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கூச்சலின் நடுவே ஏதோ ஒன்று மினுங்கியதாக அவருக்குத் தோன்றியது.

"திங்கட்கிழமை வரைக்கும் இதை ஆருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிறன்று மனைவியையும் அழைத்து வரும்படி கோதைநாயகி சொல்லியனுப்பியிருந்தாள். இருவரும் படியேறி வந்தபோது அறையில் ஒரு பழைய சோபா கிடந்தது. எதிரே, வெள்ளை வேட்டி போர்த்திய இரண்டு உருவங்கள் நின்றன.

அவள் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"பன்னிரண்டு பெட்டியில் வளையல் இல்லை. பதின்மூணாவதில்?"

"இருக்கிற மாதிரி இருந்துது டீச்சர். கொஞ்சம் கூடுதல் காசுதான். சங்கத்துல கடன் எடுத்தா வாங்கிப்போடலாம். இப்பல்லாம் பெட்டி செய்யத் தெரியல்ல. தோமஸ் வச்சிருந்த மாதிரி இனிமே ஆரு செய்யப்போறா?"

"உட்காருங்க சார். அம்மா, நீங்களும்."

"நான் எதுக்கு? எனக்கு இதெல்லாம் தெரியாது. வாசல்ல இருந்துக்கிடுதேன்."

"சோபா பெரிசும்மா."

தங்கம்மை கணவரின் அருகில் ஓரமாக அமர்ந்தாள்.

"சார், கண்ணை மூடிக்கோங்க. கையை அம்மாகிட்டக் கொடுங்க. அம்மா, வளையல் சத்தம் கேட்கிறபோதெல்லாம் அவர் கையை அழுத்துங்க. வேறொண்ணும் வேண்டாம்."

"இந்த வயசுலயா?" என்றாள் தங்கம்மை. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாதஸ்வரம் எழுந்தது. அனந்தபத்மநாபனுக்கு அந்த மண்டபமே திரும்பி வந்தது: வாழைமரத்தின் ஈரவாசனை, யாரோ பந்தியை அவசரப்படுத்தும் குரல், மாமனாரின் செருமல். மேளம் நின்றது. அவர் மூச்சை அடக்கினார்.

அந்த இடைவெளியில் ஒன்றுமில்லை. வெறும் கேசட்டின் இரைச்சல்.

தங்கம்மையின் விரல்கள் அவருடைய கையை அழுத்தின.

சற்று விட்டு, மறுபடியும். பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை.

கெட்டிமேளம் முழங்கியது. கோதைநாயகி நிறுத்தினாள்.

அவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். "கேட்டுதா?"

"நாலு தடவை. கடைசியில ஒண்ணு உடையிற சத்தமும்."

"உடைஞ்சுதா?"

"நீங்க பிடிச்ச பிடி அப்படி. சகுனம் சரியில்லன்னு அத்தை சொல்லீருவாங்களோன்னு, உடைஞ்ச துண்டை எடுத்து முந்தானையில முடிஞ்சு வச்சேன்."

"எந்த வளையல்?"

"பச்சை."

அவர் மனைவியின் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, "வடசேரிக் கடையில?" என்றார்.

"அங்கயும் கேட்டுது. திருநெல்வேலியிலயும் கேட்டுது. திருவனந்தபுரத்துலதான் கேக்க முடியாம காதைப் பொத்திக்கிட்டேன்."

"ஏன் பிள்ளே சொல்லல?"

"எங்கிட்ட ஆரு கேட்டா? நீங்க கடைக்காரர்கிட்டல்லா கேட்டீங்க."

அனந்தபத்மநாபன் எதிரே இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். "இது என்ன பெட்டி டீச்சர்? இதுலயும் குறை இருக்கு. எனக்கு விழவேயில்ல."

கோதைநாயகி எழுந்துபோய் வேட்டியை உருவினாள்.

மரப்பெட்டிகள். இடப்புறத்துப் பெட்டியின் தலையில் ஊதுவத்தி சுட்ட கறுப்பு வடு ஒன்று இருந்தது. அதைச் சுட்டவர் அவர்தாம். ஐந்தாவது கல்யாண நாளன்று, தோமஸ் திட்டத் திட்ட.

"மார்த்தாண்டத்தில் தோமஸோட தங்கச்சி வீட்டுப் பரணில் கிடந்தது" என்றாள் அவள். "கூம்பின் விளிம்பு மட்டும் இற்றுப் போயிருந்தது, புதுசு போட்டேன்."

அவர் எழுந்து அருகில் சென்றார். வடுவை விரலால் தொட்டார். குனிந்து, மெல்லிய கீச்சொலிகளைத் தரும் மேல் சிறு கூம்பைப் பார்த்தார்.

"ட்வீட்டர் கெட்டுப் போயிருக்குமோ, டீச்சர்?"

குறை தம் காதில் அல்ல, பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று விரும்பியே அவர் கேட்டார் என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரிந்தது.

"அம்மாவுக்குக் கேட்டதே, சார்."

தெருவில் ஒரு பேருந்து நின்று புறப்பட்டுப் போயிற்று. அவர் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். தங்கம்மை நகர்ந்து இடம் விட்டாள். பிறகு, விட்ட இடத்துக்குத் தானே திரும்பி வந்தாள்.

அவர் கேட்டார்: "அப்போ நான் எங்க போய், எதைக் கேட்டு வாங்கணும் டீச்சர்?"

கோதைநாயகி நோட்டை மூடி, அதைத் தங்கம்மையிடம் நீட்டினாள்.

"வடசேரிக் கடைக்கே போங்க. நாற்காலி ரெண்டு போடச் சொல்லுங்க."