குறையக் கூடாத அண்டா

நொய்யலுக்குத் தெற்கே ஒரு தோட்டம். ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்களில் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள். மீதிப்பேர் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே விட்டுவிடுவோம். தோட்டம் மூன்று சகோதரர்களுடையது: மூத்தவர் சென்னியப்பன், இரண்டாமவர் நாச்சிமுத்து, இளையவர் குழந்தையப்பன். மழை வரும்வரை அவர்களுடைய எருதுகளுக்குத் தீனி என்று இருந்தது ஒரே ஒரு வைக்கோல் போர்.

பக்கத்துத் தோட்டத்துப் போர் எரிந்து சாம்பலானதும் மூவரும் பயந்துபோய்த் தீயணைப்பு அதிகாரியை அழைத்து வந்தார்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போர் பக்கத்துல ஒரு அண்டா தண்ணி வைங்க. எப்பவும் நிறைஞ்சே இருக்கணும். அடுப்பு எரியும்போதும் தண்ணி கிட்டத்துல இருக்கணும்."

அண்டா வந்தது, நிறைந்தது. சமைக்க உட்கார்ந்த நாச்சிமுத்துவுக்குக் கவலை வந்தது.

"ஏனுங்ணா, அடுப்பு வீட்டுல இருக்குது, தண்ணி போர்கிட்ட இருக்குது. அதிகாரி பேச்சை மீறுறமே?"

"அண்டாவை இங்க தூக்கியாந்தா?" என்றார் குழந்தையப்பன்.

"அப்பப் போரோட கதி என்னடா? அடுப்பைத்தான் அங்க கொண்டுபோவோணும்" என்றார் சென்னியப்பன்.

இவ்வளவு எளிய வழி அதிகாரிக்குத் தோன்றவில்லையே என்று மூவரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள். போரை ஒட்டி, காற்றுக்கு மறைவாக, அடுப்பு மூட்டினார்கள். களி கொதித்தது. ஒரு பொறி பறந்தது. வைக்கோல் பற்றிக்கொண்டது.

குழந்தையப்பன் அண்டாவுக்குள் சொம்பை விட்டார். சென்னியப்பன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொண்டாக் குறையுமேடா!"

"தீ எரியுதுங்ணா!"

"எரியறப்பத்தான் முக்கியமா நிறைஞ்சிருக்கோணும்!"

நாச்சிமுத்து நடுநிலையாக யோசித்தார். "கிணத்துத் தண்ணியக் கொண்டாந்து அண்டாவுல ஊத்துவோம். வழியுமில்ல? வழியறதைப் புடிச்சுத் தீயில ஊத்துனா, அண்டாவும் நிறைஞ்சிருக்கும், தீயும் அணையும்."

அவருடைய புத்தியை மெச்சி முடித்து, கிணற்றுக்கு யார் போவது என்று விவாதம் தொடங்கியபோது, சூடு பொறுக்காத எருது ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி அண்டாவை முட்டிக் கவிழ்த்தது. தண்ணீர் பாய்ந்து தீ அணைந்தது.

காலி அண்டாவைப் பார்த்து மூவரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். குற்றவாளிக்கு அன்று தீனி இல்லை என்று தீர்ப்பாயிற்று. பிறகு அண்டாவை நிரப்பி, போரை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டு, அதற்குள் வைத்துப் பூட்டினார்கள்.

மறுபடி வந்த அதிகாரி பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாவி எங்கேய்யா?"

"போருக்குள்ள சொருகி வெச்சிருக்கோமுங்க" என்றார் சென்னியப்பன். "பயப்படாதீங்க, தேடவே வேண்டாம். வைக்கோல் எரிஞ்சு முடிஞ்சா சாவி தானாக் கண்ணுல பட்டுருமுங்க."