செப்டம்பர் அளவு

கொர்னேலி அக்காவிடம் தொழில் படிக்க வருகிறவர்கள் முதலில் நடக்கப் படிக்க வேண்டும். பேனாவும் கால்குலேட்டரும் அப்புறம்தான்.

தூத்துக்குடி உப்பளங்களில் வாரிக் குவித்த உப்பு, மழைக்காலம் முடிந்து விலை ஏறும்வரை அம்பாரமாகக் கிடக்கும். மழையில் கரைகிற சரக்கை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்க பேங்குகள் தயங்கும். அக்கா தயங்க மாட்டாள். தெரிந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் பணத்தைத் திரட்டி, அம்பாரத்தை ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பாள். ஒரே ஒரு பிடிவாதம்தான். அம்பாரத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டாள். பங்குச் சாமியாரே வந்து சொன்னாலும் சரி.

அக்காவிடம் தொழில் படிக்க வந்த மதலேன் அவளைவிட நாலே வயது இளையவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாததற்கு வந்த நாலு லட்சம் அவளிடம் இருந்தது. சுவர் எழும்பித் தளம் போடாமல் நிற்கிற ஒரு வீடு இருந்தது. மணப்பாட்டில், மாமியார் வீட்டில், மகன் ரெமி இருந்தான்.

“தலைக்கு மேல ஒரு தளத்தப் போட்டுட்டு வா. அதுவரைக்கும் பிள்ள இங்க கெடக்கட்டும்” என்று மாமியார் சொல்லியிருந்தாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல.

தளத்துக்கு நாலரை லட்சம் ஆகும் என்றான் கொத்தனார். குறைவது ஐம்பதாயிரம். அந்த ஐம்பதாயிரத்தை நினைத்துக்கொண்டுதான் மதலேன் தூங்குவாள், எழுந்திருப்பாள். நினைக்கும்போதெல்லாம் அவளுடைய கை தன்னை அறியாமல் இடுப்பெலும்பில் போய் நிற்கும். ரெமியின் உச்சந்தலை அந்த இடத்துக்கு வரும்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, அம்பாரத்தை அளந்து எழுதிய ஒரு தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தாள்.

“தவசிமுத்து அண்ணாச்சி அம்பாரம்க்கா. அஞ்சு லட்சம் பெறும். நாலு லட்சம் கேக்குறாரு. முழுசாக் குடுத்தா வட்டி கூடத் தாராராம். ஈஸ்டருக்குள்ள எனக்கு அம்பதாயிரம் நிக்கும்.”

“உன் பணமா?”

“என் பணந்தான்.”

“பாதின்னா ரெண்டரைதான வரும்.”

“அதான்க்கா கேக்குறேன். முழு அம்பாரமும் கண்ணு முன்னாடி கெடக்கு. நம்ம பேருக்கு எழுதியும் வாங்கியாச்சு. பாதிதான்னு எதுக்கு வச்சிருக்கீங்க?”

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். கீழே மதலேனின் கையெழுத்து. அதற்கும் கீழே செப்டம்பர் தேதி.

“டேப்ப எடு” என்றாள்.

ஸ்கூட்டரில் போனார்கள். மூன்று மழை பெய்து வெறித்திருந்தது. பாத்திகளில் வானம் கிடந்தது.

தவசிமுத்து கொட்டகையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க, வாங்க. மனுஷன் கஞ்சியில கை வைக்கிற நேரம் பாத்து ஆடிட்டர் வந்துட்டாங்க!”

“நீரு குடியும் அண்ணாச்சி. உம்ம கஞ்சிய அளக்க வரல.”

பனையோலை போர்த்திய அம்பாரம் தூரத்திலிருந்து பார்க்க அப்படியே இருந்தது. செப்டம்பரில் மதலேன் அளந்தபோது எந்த உயரமோ அந்த உயரம். எந்த அகலமோ அந்த அகலம்.

“பாருங்கக்கா” என்றாள் மதலேன். குரலில் ஒரு துள்ளல்.

“ஓலையப் பிரி.”

ஒரு பக்கம் ஓலையை விலக்கினார்கள். மதலேன் கையை உள்ளே விட்டாள்; முழங்கை வரை போயிற்று. கை உப்பைத் தொடவில்லை. இன்னும் நீட்டினாள். தோள் வரை போனபிறகுதான் விரல் நுனியில் ஈரம் தட்டியது. ஓலை நின்ற இடத்தில் நின்றிருந்தது. உப்பு அதற்குள்ளே இறங்கிப் போயிருந்தது.

தவசிமுத்து கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார்.

“ஓலைய நம்பிட்டேன்” என்றார்.

சுற்றிலும் ஓலையைப் பிரித்து, டேப்பைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். மதலேன் கணக்குப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். மூன்றரை லட்சம்தான் தேறியது.

“நாலு குடுத்திருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“உமக்கு ஒண்ணே முக்கால் தருவோம் அண்ணாச்சி” என்றாள் அக்கா. “ஓலைய எறக்கிக் கட்டச் சொல்லும். மழைக்கு மழை வந்து அளப்போம்.”

தவசிமுத்து தலையை ஆட்டினார்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடிக்க நிறுத்தினார்கள். மதலேன் டம்ளரை வாயில் வைக்கவில்லை.

“செப்டம்பர்ல நாந்தானக்கா அளந்தேன். சரியாத்தான அளந்தேன்?”

“சரியாத்தான் அளந்த.”

“அப்பறம் எப்படிக்கா?”

அக்கா டீயை ஊதினாள். மதலேனின் பையிலிருந்து நீலத் துணி ஒன்று எட்டிப் பார்த்தது.

“என்னளா அது?”

“ரெமிக்குச் சட்ட. கிறிஸ்மஸுக்கு. கூரியர்ல போடணும்.”

“எடு, பாப்போம்.”

சின்னச் சட்டை. சட்டைப் பையில் ஒரு கப்பல் தைத்திருந்தது. அக்கா அதைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

“எந்த அளவுக்கு எடுத்த?”

“அவன் இந்த உயரம் இருப்பான்.” கை இடுப்புக்குப் போயிற்று. “வளந்திருப்பான்னு ஒரு சைஸ் கூட்டித்தான் எடுத்தேன்.”

“நீ கடைசியா எப்பப் பாத்த?”

“போன வருஷம். சிலுவைத் திருவிழாவுக்கு.”

“செப்டம்பரா?”

“ஆமா.”

“மணப்பாடு என்ன, மஸ்கட்லயா இருக்கு?”

“கெளம்பும்போது கதவப் பிடிச்சிக்கிட்டு அழுதான்க்கா. ‘அடுத்த தடவ கூட்டிட்டுப் போறேன்’னு சொல்லிட்டு வந்தேன். சொல்லிட்டு வெறுங்கையா எப்படிப் போவேன்? தளத்தப் போட்டுட்டு, ஒரேயடியாப் போய்...” மூச்சு வாங்கினாள். “போன்ல முன்னல்லாம் எப்ப வருவன்னு கேப்பான். இப்பக் கேக்குறதில்ல. நான் என்ன சொன்னாலும் ம்னு சொல்லுவான்.”

எதிரே திருச்செந்தூர் பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கூவினான். கடைசிப் பெயர் மணப்பாடு.

அக்கா சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். உப்பு ஒட்டியிருந்த டேப்பைத் தன் முந்தானையில் துடைத்து, சட்டைக்கு மேலே வைத்தாள்.

“தளம் இன்னும் போடலயேக்கா” என்றாள் மதலேன்.

அவளுடைய கை மறுபடி இடுப்பெலும்பில் போய் நின்றது. பிறகு அங்கிருந்து மெல்ல எழும்பியது. எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியவில்லை.

கொர்னேலி அக்கா பையை எடுத்து அவள் தோளில் மாட்டினாள்.

“அடுத்த மழைக்குள்ள போய் அளந்துட்டு வா.”