கறிக்காவாது

கடலியலும் சுற்றுச்சூழல் கொள்கையும் படிக்கிற ரெக்சலினின் ஆய்வேட்டை, ஊசிப்போன இட்லியைத் தள்ளுகிற மாதிரி இரண்டு விரலால் தள்ளினார் பேராசிரியர் தாமோதரன்.

“ஆடி மாசம் இந்த மீன் கழிமுகத்துல முட்டை போடும், அப்போ அங்க வலை வீசக் கூடாதுன்னு எழுதியிருக்கே. ஆதாரம்?”

“எங்கம்மா, சார். முப்பது வருஷமா அந்தக் கரையில மீன் விக்கிறாங்க.”

“அம்மா பேச்செல்லாம் ஆதாரமா? அவங்க சொல்லை நம்பி அச்சடிச்ச புத்தகம் ஒண்ணு காட்டு. இல்லேன்னா பட்டத்தை மறந்துடு.”

பட்டம் ஏற ஏற மனுஷருக்குக் காது சுருங்கிவிட்டது. ரெக்சலின் அழவில்லை. நூலகத்துக்குப் போய் ஒரு தடிப் புத்தகத்தோடு திரும்பினாள். அவர் எழுதியதுதான்.

“இதுல இந்த மீனோட உள்ளூர்ப் பேரு ‘கறிக்காவாது’ன்னு போட்டிருக்கீங்க, சார்.”

“ஆமா. நானே கரையில விசாரிச்ச பேரு!”

“அப்படி ஒரு பேரே கிடையாது, சார். தொப்பி போட்ட ஒருத்தர் இது என்னன்னு கேட்டாராம். ஒரே முள்ளு, ‘கறிக்கு ஆவாதுய்யா’ன்னு அம்மா சொன்னாங்களாம். எழுதிக்கிட்டுப் போயிட்டாராம். அம்மா சொன்னதை நம்பி அச்சடிச்சது நீங்கதானே?”

பேராசிரியர் முகம் வெந்த இறால் நிறத்துக்குப் போனது. பிறகு, நம்பமாட்டீர்கள், சிரித்தார்.

“கரையில எனக்கு வெயில்ல மயக்கம் வந்துச்சு. உங்கம்மாதான் மோர் வாங்கிக் குடுத்தாங்க,” என்றார் மெல்ல. ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆதாரப் பட்டியலில் பேனாவை வைத்தார்.

“அன்னிக்கு மீன் பேரைத்தான் கேட்டேன், அவங்க பேரைக் கேக்கலை. சொல்லும்மா, எழுதிக்கிறேன்.”