எண்ணெய் குடித்தும் பெருக்காத சாட்சி

முன்னொரு காலத்தில், நாட்டைவிட உளுந்துவடையை அதிகம் நேசித்த கனகவழுதி என்றோர் அரசர் இருந்தார். அவருடைய பந்தியில் ஒரு வழக்கம். அவருக்கு வலப்பக்கத்து இலையில் அவருக்கு மிகவும் வேண்டியவர்தான் உட்காரலாம். அந்த இலை விகடகவி கொன்றையப்பனுக்கு வாய்த்திருந்தது. நான்காவது இலையில் உட்கார்ந்த அரண்மனை மருத்துவர் சஞ்சீவிநாதருக்கு அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. அவரே இடித்த சூரணம்கூட அந்த எரிச்சலுக்குப் பலிக்கவில்லை, பாவம்.

ஒருநாள் கடல்கடந்து வந்த வணிகன் ஒருவன் சூரியகாந்தி எண்ணெயை அரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். நெய்யைவிட இது இதயத்துக்கு நல்லது என்றான். "அப்படியானால் மடைப்பள்ளியில் நெய்க்குப் பதில் இதையே ஊற்றலாமே, அரசே" என்றான் கொன்றையப்பன்.

அரசர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இதயத்துக்கு நல்லதுதானே என்று, நாலு வடை தின்றவர் பன்னிரண்டு தின்றார். மூன்றே மாதத்தில் இடைக்கச்சை சுற்றிவர எட்டவில்லை. சிம்மாசனத்திலிருந்து எழுப்ப இரண்டு ஆட்கள் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

சஞ்சீவிநாதர் இதற்காகத்தானே காத்திருந்தார்! "அரசே, இவன் எண்ணெயை மாற்றச் சொன்னான். தங்கள் திருமேனி இப்படி ஆயிற்று. இவனா தங்கள் பக்கத்தில் உட்காரத் தகுந்தவன்?" என்றார்.

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "கொன்றையா! உடம்பைப் பெருக்க வைக்காத எண்ணெயை நாளைக்குள் கொண்டு வா. தவறினால் வலப்பக்கத்து இலை உனக்கில்லை."

"எண்ணெய் மட்டும் போதாது, அரசே" என்று மருத்துவர் முடிச்சை இன்னும் இறுக்கினார். "இருபது ஆண்டுகள் நாள்தோறும் எண்ணெய் குடித்தும் பெருக்காத சாட்சி ஒன்றும் வேண்டும்."

மறுநாள் கொன்றையப்பன் பட்டுத்துணி போர்த்திய எதையோ தூக்க முடியாமல் தூக்கி வந்து சபை நடுவே வைத்தான். துணியை விலக்கினான். உள்ளே கொலுமண்டபத்து வெண்கல விளக்கு!

"இதுவா சாட்சி?" என்று மருத்துவர் கத்தினார்.

"தாங்கள் மனிதச் சாட்சி கேட்கவில்லையே, ஐயா. இது இருபத்தோராண்டாக இந்தச் சபையில் தினமும் ஓர் அகப்பை எண்ணெய் குடிக்கிறது. அன்று வார்த்த இடுப்பு இன்றும் அதே அளவு."

அரசர் குனிந்து விளக்கைப் பார்த்தார். "எந்த எண்ணெயைக் குடித்தது?"

"நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நேற்று முதல் சூரியகாந்தி. குணம் ஒவ்வொன்றுக்கும் வேறு, அரசே. வணிகன் சொன்னது பொய்யில்லை. ஆனால் எதை எடுத்தாலும் எண்ணெய் என்பது கொழுப்புதான். விளக்கு அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் குடிக்கிறது, குடித்ததை அன்றே எரித்துவிடுகிறது. நாம் பன்னிரண்டு வடைக்கான எண்ணெயைக் குடித்துவிட்டுச் சிம்மாசனத்தில் சாய்ந்திருக்கிறோம்."

"அப்படியானால் குற்றம் எண்ணெய்மீது இல்லையா?" என்றார் அரசர்.

"அடியேன்மீது கொஞ்சம் உண்டு. எண்ணெயைச் சொன்னேன், அளவைச் சொல்லவில்லை."

அரசர் தம் வயிற்றைத் தடவினார். பிறகு அது குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையப்பன் கழுத்தில் போட்டார். "இனி என் சமையலுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு கரண்டி எண்ணெய்தான். மாலையில் கோட்டையைச் சுற்றி நடை" என்றார். பிறகு சஞ்சீவிநாதரிடம் திரும்பினார். "மருத்துவரே, என் அளவைக் காக்க நீர்தான் தகுந்தவர். இன்று முதல் வலப்பக்கத்து இலை உம்முடையது. என் இலையில் விழுவதே உம் இலையிலும் விழும்."

மருத்துவருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷ ஆசையாயிற்றே! அன்று பகல் பெருமையோடு போய் உட்கார்ந்தார். இலையில் அவித்த கீரையும் கஞ்சியும் நீர்மோரும் வந்தன.

நான்காவது இலையில் கொன்றையப்பன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மொறுமொறுவென்று இரண்டே இரண்டு வடை விழுந்தது.

சஞ்சீவிநாதருக்கு மறுபடியும் வயிறு எரியத் தொடங்கியது.