மரகதம் வீட்டுப் புளிய மரம்

ஒரு முழம்கூட வளராத புளிய மரத்துக்காக மூன்று பேர் சாப்பாடு இறங்காமல் தவித்த கதை இது. சிரிக்காமல் கேளுங்கள். கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப் போகிறேன்.

கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் மரகதம் தனியாக இருந்தாள். கணவர் இல்லை. ஒரே மகள் தாரிணி, கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். மரகதத்தின் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் தெரியும். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த வீட்டில் போய் மரம் வளர்க்க ஆசைப்பட்டாள் பாருங்கள், அதுதான் மரகதம். தாரிணி பள்ளிக்கூடம் போகிற காலத்தில் விளையாட்டாகப் போட்ட புளியங்கொட்டை முளைத்தது. அதைத் தட்டையான சட்டிக்கு மாற்றி, வேரைக் கத்தரித்து, கிளைக்குக் கம்பி சுற்றி, போன்சாய் மரமாக்கிவிட்டாள். வெயிலுக்குப் பதிலாக மரத்தின் தலைக்கு மேல் ஒரு எல்.இ.டி. விளக்கு. அவள் ஆபீஸ் விட்டு வரும் மாலையில் டைமர் அந்த விளக்கைப் போடும், விடிவதற்குள் அணைத்துவிடும். பகலெல்லாம் அந்த அறைக்குக் கனத்த திரை. தான் வீட்டில் இருக்கும் நேரத்தில் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

தாரிணிக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. மரகதம் மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பரிமளாவிடம் சாவியைக் கொடுத்தாள்.

“பரிமளா, விளக்குல மட்டும் கை வைக்காதே. திரையையும் திறக்காதே. மேல் மண்ணு காஞ்சா தண்ணி ஊத்து. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“நிம்மதியாப் போயிட்டு வாங்கக்கா. எம் புள்ளையாட்டம் பாத்துக்கறேன்.”

பரிமளாவுக்குக் கை ஒழிவது மதியச் சமையல் முடிந்த பிறகுதான். அப்போது போய் அறையின் டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தாள். இலையெல்லாம் மூடித் தொங்கிக்கொண்டிருந்தன. பொழுது சாய்ந்தால் புளிய மரம் இலையை மூடும், அது அவளுக்கும் தெரியும். உச்சி வேளையில் மூடிக் கிடந்தால் வாடிவிட்டது என்றுதானே தோன்றும்? மண் ஈரமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் போனாள், அதே கோலம். மறுபடி ஊற்றினாள். இப்படியே ஊற்றி ஊற்றி, இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. சட்டியிலிருந்து அழுகல் வாடை வந்தது.

அந்த நேரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து போன். தாரிணிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். சொல்லும்போதே மரகதத்தின் குரல் நடுங்கியது. அந்தக் கலக்கத்திலும் கடைசியாக ஒன்று கேட்டாள்.

“மரம் எப்படிம்மா இருக்கு?”

“ஜம்முனு இருக்குக்கா.”

போனை வைத்துவிட்டுப் பரிமளா அழுதாள். அவள் கணவர் நல்லசிவம் மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர்.

“உள்ளதைச் சொல்லீரலாம். என்ன செய்யோணும்னு அவங்களுக்குத்தான தெரியும்?” என்றார்.

“பெத்த பொண்ணு அங்க அப்படிக் கிடக்கறா. இங்க மரம் சாகுதுன்னு எந்த வாயால சொல்றதுங்க? கொழந்தை பொறக்கற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

அவரும் பண்ணினார்.

மறுநாள் மதியம், தாரிணியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று செய்தி வந்தது. பரிமளா பதறிப்போய்க் கோயிலுக்கு ஓடினாள். நல்லசிவம் சாவியை எடுத்துக்கொண்டு போய் மரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் அது விறகுக்குச்சி. மரகதத்துக்குப் போன் போட்டார்.

“அக்கா, இந்த நேரத்துல சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. மரம் போயிரும் போல இருக்குதுங்க.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவருக்குத் தோன்றியது. அதற்குள் மரகதம் கேட்டாள்.

“இலை எப்படி இருக்கு?”

“எப்பப் பார்த்தாலும் மூடியே கிடக்குதுங்க.”

“எந்த நேரத்துல போய்ப் பாத்தீங்க?”

“மதியந்தானுங்க. வாடிருச்சுன்னு பரிமளா தெனமும் தண்ணி ஊத்தீட்டா.”

“அய்யோ, அது அப்பத் தூங்குமே. விளக்குப் போட்டாத்தான் அதுக்கு விடியும். இதைச் சொல்லாம வந்துட்டேனே நான்.”

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மரத்தைச் சட்டியிலிருந்து தூக்கச் சொன்னாள். கறுத்துக் கூழான வேரை மட்டும் வெட்டச் சொன்னாள். அலமாரிக்கு அடியில் இருக்கும் செங்கல் துகளும் பெருமணலும் போட்டு நடச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் நடுக்கம் குறைந்தது. அவர் நட்டு முடிக்கிறவரை போனை வைக்கவில்லை. நர்ஸ் வந்து கூப்பிட்ட பிறகுதான் வைத்தாள். தாயும் சேயும் நலம். மரத்தில் ஒரு பக்கம் பட்டுப்போனது, மறு பக்கம் நாள் போகத் துளிர்த்தது.

அன்று கோயிலிலிருந்து வந்த பரிமளா விஷயம் தெரிந்து கொதித்துப்போனாள். “அந்த நேரத்துல அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தா? என் தலையில அடிச்ச சத்தியம் அவ்வளவுதானா?” என்று கேட்டவள், அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மரகதம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போனாள். பரிமளா அன்பினால் பொய் சொன்னாள். நல்லசிவம் சத்தியத்தை மீறி, சொல்லக் கூடாத நேரத்தில் உண்மையைச் சொன்னார். ஒருத்தர்கூடக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் நல்லசிவம்தான். மரம் பிழைத்ததற்காகச் சொல்லவில்லை, செத்திருந்தாலும் இதைத்தான் சொல்வேன். மரகதத்தால் எதைத் தாங்க முடியும் என்று பரிமளா தானாகவே முடிவு செய்துவிட்டாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்தத் தாயால் மகளுக்கு ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட முடியவில்லை. அவளால் காப்பாற்ற முடிந்த உயிர் அப்போது ஒன்றுதான் இருந்தது. அதையும் அவளுக்குத் தெரியாமல் சாகவிட யாருக்கு உரிமை? ஊர் திரும்பிய மரகதம், அழுதுகொண்டு சாவியை நீட்டிய பரிமளாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்: “அன்னிக்கு அந்தப் போன் மட்டும் வரலேன்னா, ஆபரேஷன் ரூம் கதவையே பாத்துட்டு நான் பைத்தியமாகியிருப்பேன் பரிமளா. போ, போய் உம் புருஷன்கிட்டப் பேசு.”