முதல் படம் யாருடையது?

சமையல்காரர் சங்கத் தலைவர் சக்கரபாணிக்குக் கண்ணாடியைப் பார்த்தால்கூட தனக்குத் தானே ஒரு சால்வை போர்த்தத் தோன்றும். சங்கத்துக்கு ஒரு ஆப் செய்ய, கரூரில் தனியாக மென்பொருள் தொழில் நடத்திய பொற்கொடியைப் பிடித்தார்.

"இனிப்புக் குழு, பிரியாணிக் குழு, எதைத் திறந்தாலும் என் படம்தான் முதல்ல, பெருசா வரணும். ஆனா ஒரு உறுப்பினரும் முகம் சுளிக்கக் கூடாது. முடியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

இந்த வேலையை நம்பி மற்றதையெல்லாம் விட்டிருந்த பொற்கொடி, "ஆகட்டும் ஐயா" என்றாள். எல்லார் படத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டாள். ஒவ்வொன்றையும் எடுத்து, அதனதன் குழுவின் கட்டத்துக்குள் தானாகவே உட்காரவைக்க கணினிக்கு ஒரு கட்டளை நிரல் எழுதினாள். அதில் கூடுதலாக ஒரு வரியைச் சேர்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

வெளியீட்டு விழா மண்டபத்தில் எல்லாரும் ஆப்பைத் திறந்தார்கள். தலைவர் தம் போனில் தம்மைப் பெரிதாகக் கண்டு பூரித்தார். சுற்றிலும் பார்த்தால் எல்லா முகத்திலும் சிரிப்பு. உடனே மைக்கைப் பிடித்தார்.

"என் முகத்தைப் பெருசா போட்டதுல உங்களுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்!"

"உங்க முகமா? என் முகம்ல பெருசா இருக்கு!" என்றார் பரோட்டா மாஸ்டர் சையது.

"இல்ல, என்னுது!" என்று மண்டபமே போனைத் தூக்கிக் காட்டியது.

தலைவர் பொற்கொடியை முறைத்தார். "என்னம்மா இது?"

"யார் போனோ அவங்க படத்தை முதல்ல வைன்னு எழுதிட்டேன் ஐயா. உங்க போன்ல நீங்கதான் முதல்ல. முகம் சுளிக்கிறதும் நீங்க ஒருத்தர்தான்."

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. வேறு வழியில்லாமல் தலைவரும் தட்டினார். அன்றே பொற்கொடிக்கு இன்னும் இரண்டு சங்கங்களின் வேலை வந்தது. அந்தத் தலைவர்களும் இதே நிபந்தனையைத்தான் போட்டார்களாம்.